குடும்பப் பரீட்சை

கஜானாவின் கணக்கை எந்த சர்க்காரும் மறப்பதில்லை. குடும்பத்தின் கணக்கைப் பார்க்கும் சர்க்கார்களோ வெகு சில. இக்குறையைத் தீர்ப்பதாகச் சொல்லி, 2014-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் பிரதம மந்திரி மிஸ்டர் டேவிட் காமெரான் 'குடும்பப் பரீட்சை' என்றோர் ஏற்பாட்டை அறிவித்தார். உள்நாட்டுத் திட்டம் ஒவ்வொன்றையும் வகுக்கும்போதே, அது குடும்பங்களை எவ்விதம் பாதிக்குமென உத்தியோகஸ்தர்கள் ஐந்து கேள்விகளைக் கேட்டு ஆராய வேண்டும். குழந்தை பிறத்தல், வேலையிழத்தல், மரணம் ஆகிய சந்தர்ப்பங்களில் குடும்பத்தின் கதி என்னவாகும் என்பதும் அவற்றுள் அடங்கும்.

நோக்கம் உயர்ந்ததே. ஆனால் நடந்தது என்ன? மறு வருஷமே, அதே பிரதம மந்திரியின் ஆட்சியில், நிதி மந்திரி மிஸ்டர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் தமது ஜூலை பட்ஜெட்டில் 'இரு குழந்தை வரம்பை' அறிவித்தார். ஏழைக் குடும்பங்களுக்கு வருமானத்தை அனுசரித்து அளித்துவந்த உதவியில், 2017 ஏப்ரல் 6 முதல் பிறக்கும் மூன்றாவது குழந்தைக்கும் அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் உரிய பங்கு மறுக்கப்பட்டது. இரட்டைப் பிரசவம், ஸ்வீகாரம் போன்ற சிலவற்றுக்கே விலக்கு. தகப்பன் வேலையிழந்தாலும் சரி, இறந்தே போனாலும் சரி, அதன் பொருட்டு விலக்கு இல்லை! பரீட்சை எதைக் கேட்கச் சொல்லிற்றோ, அதைச் சட்டம் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

உழைத்துப் பிழைப்போர் வருமானத்தை யோசித்தே பிள்ளை பெறுகின்றனர். உதவி பெறுவோரும் அவ்வாறே யோசிக்கட்டும் என்பது சர்க்கார் தரப்பு வாதம். கேட்பதற்கு நியாயம்போல் தோன்றும். ஆனால் இவ்வரம்பினால் நஷ்டமடைந்த குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை உழைப்பாளிகளின் குடும்பங்களே. மேலும், பிறந்துவிட்ட குழந்தை எதை யோசித்திருக்க முடியும்?

பரீட்சை தோற்றதற்குக் காரணம் மறைவானதன்று. அதற்குச் சட்டபலம் இல்லை. விடைகளைப் பிரசுரிக்க வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. பரீட்சை எழுதுபவரும் சர்க்காரே, மார்க்குப் போடுபவரும் சர்க்காரே என்றால் தேறாதவர் யார்?

2025 நவம்பர் பட்ஜெட்டில், லேபர் சர்க்காரின் நிதி மந்திரி ஸ்ரீமதி ரேச்சல் ரீவ்ஸ், 2026 ஏப்ரல் முதல் இவ்வரம்பு ஒழிக்கப்படும் என்று அறிவித்தார். நல்லதே. ஆயினும் 2017-ல் பிறந்த குழந்தைக்கு அதற்குள் ஒன்பது வயதாகிறது. இழந்த பால்யத்தை எந்த பட்ஜெட் திருப்பித் தரும்?

இதிலிருந்து பொதுஜன ஊழியர்கள் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. குடும்ப நலனைக் கருதியே திட்டமிட்டோம் என்று எந்த சர்க்கார் சொன்னாலும், அதன் வார்த்தையோடு திருப்தியடையலாகாது. கேட்ட கேள்விகளையும் கண்ட விடைகளையும் சட்டம் நிறைவேறுமுன் ஜனங்கள் முன் வைக்கும்படி வற்புறுத்த வேண்டும். சபையேறாத பரீட்சை வெறும் சடங்கே என்பது நமது அபிப்பிராயம்.