கியர்பாக்ஸை மட்டும் வாங்காதீர்கள்

முத்தாபுதுப்பேட்டையை ஒட்டிய ஆவடியில்தான் அர்ஜுன் டாங்கி தயாராகிறது. 1,400 குதிரைத்திறன் கொண்ட ஜெர்மன் எம்டியு எஞ்சின், அதற்குப் பின்னால் டார்க் கன்வர்ட்டரோடு கூடிய ரென்க் கியர்பாக்ஸ். முன்னோக்கி நான்கு கியர், பின்னோக்கி இரண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று பார்த்துத்தான் சேர்த்திருக்கிறார்கள். டாங்கிக்குப் பார்க்கும் அந்தப் பொருத்தத்தை லாரிக்கும் பார்க்க வேண்டும். லாரியில் மாட்டப் பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மலிவாக வருகிறது என்றதும் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறவர்கள் பிறகுதான் அலைகிறார்கள்.

நெரிசலில் நின்று நின்று போகும் தண்ணி லாரிக்கும் கான்கிரீட் வண்டிக்கும் ஆட்டோமேட்டிக் வசதிதான். டிரைவரின் இடது முழங்கால் தப்பும்.

பொருத்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது டார்க் கன்வர்ட்டர். அதில் எஞ்சின் சுற்றும் சக்கரம் ஆயிலை வீசுகிறது. அந்த ஆயில் எதிரிலுள்ள டர்பைனைச் சுழற்றுகிறது. திரும்பி வரும் ஆயிலை நடுவிலுள்ள ஸ்டேட்டர் திசைமாற்றி விடுவதால், வண்டி கிளம்பும் நேரத்தில் எஞ்சின் தரும் திருப்புவிசை (டார்க்) ஏறக்குறைய இரு மடங்காகும். ஆகவே எஞ்சினின் டார்க் அளவை மட்டும் பார்த்து கியர்பாக்ஸ் தாங்கும் என்று முடிவுகட்டக் கூடாது. உள்ளே போய்ச் சேர்வது அதைவிட அதிகம். பெட்ரோல் பிக்கப்பில் இருந்த கன்வர்ட்டர் அதிக வேகத்தில் சுழலும் எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. மெதுவாகச் சுழலும் டீசலோடு சேர்த்தால் வண்டி இழுக்காது, ஆயில்தான் கொதிக்கும்.

அடுத்தது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங். எஸ்ஏஇ கணக்கில் போல்ட் வட்டத்தின் விட்டம் 3-ஆம் எண்ணுக்கு 428.6 மில்லிமீட்டர், 2-க்கு 466.7, 1-க்கு 530.2. மூன்றுக்குமே 12 போல்ட்தான். போல்ட்டை எண்ணிப் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். ஆலிசன் ஆட்டோமேட்டிக்கில் 3000 வரிசைக்கு 2-ஆம் எண், 4000-க்கு 1-ஆம் எண். நம்மூர் லாரி எஞ்சின் இந்த அளவுகளில்தான் இருக்கும் என்றும் இல்லை. அம்பத்தூர் லேத் பட்டறைகளில் அடாப்டர் பிளேட் கடைந்துகொள்ளலாம், ஆனால் அதன் மையம் கிராங்க் மையத்தோடு அச்சு பிசகாமல் அமைய வேண்டும். பிளேட்டின் தடிமனையும் கணக்கில் சேர்க்காவிட்டால், கன்வர்ட்டர் பின்னால் தள்ளப்பட்டு ஆயில் பம்பை நொறுக்கிவிடும், அல்லது பம்பைத் தொடாமலே நிற்கும். ஃப்ளைவீல் போய் ஃப்ளெக்ஸ் பிளேட் வரும். ஸ்டார்ட்டர் பல் அதோடு சேருமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நீளம் மாறுவதால் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டவோ நீட்டவோ வேண்டிவரும்.

இரும்பையெல்லாம் பட்டறையில் சரிசெய்துவிடலாம். ஆளைக் கவிழ்ப்பது கம்ப்யூட்டர். இக்கால ஆட்டோமேட்டிக்குகள் எப்போது கியர் மாற்றலாம் என்பதை எஞ்சின் கம்ப்யூட்டர் அனுப்பும் தகவலை வைத்தே முடிவுசெய்கின்றன. இன்லைன் பம்ப் போட்ட பழைய லாரி எஞ்சினில் பேச எந்த கம்ப்யூட்டரும் இல்லை. ஆக்ஸிலரேட்டரில் சென்சார் வைத்து, கன்ட்ரோலரையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன்: கன்ட்ரோலர், வயரிங், செலக்டர், கன்வர்ட்டர், ஃப்ளெக்ஸ் பிளேட், கூலர் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து கழற்றித் தரும் வியாபாரியிடம் வாங்குங்கள். காயலான் கடையில் பாக்ஸ் மட்டும் பாதி விலைக்குக் கிடைக்கிறதென்றால் மிச்சத்தைத் தேடுவதில் அந்தப் பாதி போய்விடும்.

பாக்ஸைத் தூக்கும் முன் ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். கருத்து, கருகல் வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தட்டுகளின் பிடிப்புப் பூச்சு உரிய ஆரம்பித்திருக்கும், அந்த பாக்ஸைத் தொடாதீர்கள். அடித்தட்டைக் கழற்றி அதிலுள்ள காந்தத்தைத் துடையுங்கள். சாம்பல் நிறக் களிம்பு இயல்பானது. நகத்தில் சிக்கும் அளவுக்குச் செதில் இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

ஓட்டும்போது ஆயில் வெப்பம் 70 முதல் 95 டிகிரிக்குள் நிற்பது நல்லது. சென்னை வெயிலில், பூந்தமல்லி சாலை நெரிசலில், ரேடியேட்டருக்குள் இருக்கும் சின்ன கூலரை மட்டும் நம்ப வேண்டாம். தனி கூலர் போடுங்கள்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. பணம் கட்டும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

டிரைவரிடம் இன்னொன்றையும் சொல்லிவையுங்கள். எஞ்சின் ஓடினால்தான் கியர்பாக்ஸுக்குள் ஆயில் பம்ப் ஓடும். ஆகவே பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. ரோட்டில் நின்றுபோனால், புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டுத்தான் கயிறு கட்டி இழுக்க வேண்டும்.