தச்சர் கைக்குப் போகும் படம்

சென்ற ஆண்டு தணிக்கைக்குப் போன ஒரு சங்கத்தில், புதிய மிதிபலகைகள் தறிக்குப் பொருந்தாமல் மூலையிற் கிடக்கக் கண்டோம். மரத்தின் விலை நஷ்டக் கணக்கில் ஏறியிருந்தது. தச்சர் மீது குற்றமில்லை. அவருக்குத் தந்த கணினிப் படம் அழகாயிருந்ததேயன்றி அதில் அளவுகள் இல்லை.

ஆகவே, கோட்டுப்படம் வரைய மென்பொருள் தேடும் அங்கத்தினர்கள், படம் யார் கைக்குப் போகிறது என்பதையே முதலில் யோசிக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் காட்டுவதற்கு, 2003-ல் தோன்றிய இங்க்ஸ்கேப் போதும். எவ்வளவு பெரிதாக்கினும் கோடு சிதையாது. தச்சருக்காயின் லிப்ரேகேட் உத்தமம். அதில் நீளத்தை மில்லிமீட்டரில் குறித்தே கோடு இழுக்கலாம். இரு முனைகளைச் சுட்டினால் அளவு இலக்கத்துடன் அமையும். பழகும்வரை சிரமந்தான். இரண்டும் இலவசம் என்பதை நிர்வாகிகள் கவனிப்பாராக!

அச்சிடுகையில் படம் தாளுக்கேற்பச் சுருங்கிவிடுவதுண்டு. அளவுகோல் வைத்துச் சரிபார்த்த பின்னரே தச்சரிடம் கொடுக்க வேண்டுகிறோம்.