எருக்கம்பூவும் கருவண்டும்

பீர்க்கன்கரணை போன்ற தாம்பரம் பக்கத்து ஏரிக்கரைகளில் யாரும் நடாமலே வளர்வது எருக்கு. அதன் மகரந்தம் தூளாக உதிராது. இரண்டிரண்டு பொதிகளாக, சிறு கொக்கியில் கோத்து, பூவின் நடுவிலுள்ள ஐந்துமுனை மகுடத்தின் பிளவுகளில் இருக்கும். தேன் குடிக்க வரும் பூச்சியின் கால் பிளவில் மாட்டும். வலுவாக இழுத்தால் பொதியும் காலோடு வரும். அது இன்னொரு பூவின் பிளவில் செருகினால்தான் காய் பிடிக்கும். சின்னப் பூச்சிகளுக்கு அந்த வலு போதாது. நீலம் மின்னும் இறக்கையுடன் ரீங்கரித்து வரும் கருவண்டுக்கு உண்டு. வண்டு என்று அழைத்தாலும் அது தேனீ இனம்; பட்ட மரத்தைத் துளைத்துக் கூடு அமைக்கும் தச்சுத் தேனீ.

எருக்கில் தேன் உண்டு; ஆவாரம்பூவில் தேனே கிடையாது. தேனீ மகரந்தப்பையைப் பற்றி உடலை அதிரவைக்க, நுனித் துளை வழியாக மகரந்தம் பீறிடும். அதுவே அதற்கு உணவு.

தேனீயின் கண்ணுக்குப் புற ஊதா தெரியும், சிவப்பு தெரியாது. அதற்குத் தெரியாத சிவப்பில் பூக்கும் கல்யாண முருங்கைக்குத் தேன்சிட்டும் மைனாவும் வருகின்றன. பீர்க்கம்பூ மாலையில் விரிந்து அந்துப்பூச்சிகளையும் ஈர்க்கும். இலுப்பைப் பூவுக்குப் பழந்தின்னி வௌவால்கள் இரவில் வரும்.

எருக்கைக் களை என்று பிடுங்காதீர்கள். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவும் அதன் இலையைத் தின்றே வளர்கிறது. பட்ட கிளைகளையும் காய்ந்த மூங்கிலையும் எரிக்காமல் விடுங்கள், கருவண்டுக்கு அதுதான் வீடு. சீண்டாதவரை அது கொட்டுவதில்லை. எருக்கம்பால் மட்டும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.