தூளிக்கு மேலொரு கூரை

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தடத்தில், ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் தூரத்தை முதுகுச்சுமையுடன் நடந்து, இரவில் இரு மரங்களுக்கிடையே தூளி கட்டி உறங்கும் யாத்திரிகர்களுக்கு, மழையினின்று ரட்சிக்கும் ஒரே கூரை அத்தூளியின் மேல் விரிக்கும் தார்ப்பாய்தான்; ஆகையால் அதன் துணியைத் தெரிந்தெடுப்பதில் அவர்கள் காட்டும் சிரத்தை மிகையன்று.

சிலிக்கோன் ஊட்டிய நைலான் உறுதியானது, விலையும் சகாயமானது. ஆயினும் ஈரத்தை உறிஞ்சி நெகிழ்வது அதன் சுபாவம். மாலையில் விறைப்பாக இழுத்துக் கட்டிய பாய், நள்ளிரவு மழையில் பக்கங்கள் தொய்ந்து தூளியை உரசும்படி தாழ, உறங்குபவர் எழுந்து, இருட்டில் நனைந்த கயிறுகளைத் தடவித் தடவி மறுபடியும் இறுக்க நேரும். பாலியெஸ்டரோ, நைலான் ஏற்கும் ஈரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கையே ஏற்பதால், விடியும்வரை கட்டியது கட்டியபடியே நிற்கும். பலத்தில் சற்றுக் குறைந்ததாயினும் சாமானியருக்கு இதுவே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

பந்தயப் படகுகளின் பாய்களுக்கென உருவாகி, இன்று டைனீமா என்ற பெயரில் வழங்கும் கூட்டுத்துணி, சதுர மீட்டருக்குச் சுமார் 17 கிராம் எடையிலும் கிடைக்கிறது. வழக்கமான நைலான் பாயின் எடையில் அது பாதிகூட இல்லை. நனைந்தாலும் நீளாது. ஆனால் விலை பன்மடங்கு. முள்ளும் உராய்வும் அதற்குச் சத்துருக்கள். மடித்து வைத்தாலும் மூட்டையில் அதிக இடம் பிடிக்கும்.