காவலரின் இதயம்: டூட்டி நேரமும் ஒரு மருந்துதான்

தெற்குக் கொல்கத்தாவின் டாலிகஞ்ச், வங்கத் திரையுலகின் தாய்வீடு. 1806-ல் நடந்த வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு வேலூர்க் கோட்டையிலிருந்து அனுப்பப்பட்ட திப்பு சுல்தானின் குடும்பத்தார் குடியேறிய பகுதியும் இதுவே. மெட்ரோ நிலையம், ஸ்டுடியோக்கள், பிரின்ஸ் அன்வர் ஷா சாலையின் வாகன நெரிசல் என்று இங்கே சந்தடி ஓய்வதில்லை. இத்தனைக்கும் நடுவே வெயிலிலும் புகையிலும் மணிக்கணக்கில் நிற்பவர்கள் கொல்கத்தா போலீஸின் வெள்ளைச் சீருடைக் காவலர்கள். ஊரைக் காக்கும் அவர்களுடைய இதயத்தைக் காப்பது யார்?

53 வயது

டாலிகஞ்ச் மெட்ரோ நிலையம் இன்று வங்கத்தின் 'மகாநாயகன்' உத்தம் குமாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஓய்வில்லாமல் நடித்துக்கொண்டிருந்த அவர் 1980 ஜூலை 24 அன்று மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 53.

மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வும் இதே வயதைத்தான் சுட்டியது. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53 என்றும், மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 என்றும் அதன் தரவுகள் காட்டின. புகை, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, தொப்பை ஆகியவற்றோடு மன அழுத்தத்தையும் முக்கியக் காரணங்களில் ஒன்றாக அந்த ஆய்வு சேர்த்தது.

காவலர் ஒருவருக்கு ஐம்பது வயது நெருங்கும்போது அனுபவம் கூடியிருக்கும், பொறுப்பும் கூடியிருக்கும். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம் என்று வீட்டுக் கவலைகளும் சேர்ந்துகொள்ளும். இதயத்துக்கு ஆபத்தான வயதும் பணியின் பாரம் மிகுந்த வயதும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

அழுத்தம் ரத்தக்குழாயை எட்டும் வழி

ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. நாடித்துடிப்பு எகிறும், ரத்த அழுத்தம் ஏறும், ரத்தம் எளிதில் உறையும் தன்மை பெறும். காயம் பட்டால் ரத்தம் வீணாகாதிருக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. ஆபத்து நீங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

காவலருக்கு அந்தத் திரும்புதல் வாய்ப்பதில்லை. ஒரு தகராறு முடிந்து உட்காரும்முன் அடுத்த அழைப்பு வந்துவிடும். கார்டிசால் என்ற ஹார்மோன் நாள்கணக்கில் உயர்ந்தே இருந்தால் சர்க்கரை கூடுகிறது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, ரத்தக்குழாயின் உட்சுவர் பழுதாகிறது. அங்கே படியும் கொழுப்புத் திட்டு ஒரு நாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைப்பதே மாரடைப்பு. சாலைச் சந்திப்புகளில் நிற்போருக்கு வாகனப் புகையின் நுண்துகள்களும் இதே கேட்டைச் செய்கின்றன.

மோதல் நிமிடங்கள்

2019 ஆகஸ்ட்டில் ஒரு கும்பல் டாலிகஞ்ச் காவல் நிலையத்துக்குள் புகுந்து காவலர்களைத் தாக்கியது. இப்படிப்பட்ட நேரத்தில் வெளிக்காயம் கண்ணுக்குத் தெரியும். இதயம் பட்ட பாடு தெரியாது.

அமெரிக்காவில் 1984 முதல் 2010 வரை நேர்ந்த 441 காவலர்களின் திடீர் இதய மரணங்களை ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். வழக்கமான பணி நேரத்தோடு ஒப்பிட்டால், ஆளை மடக்கிப் பிடிக்கும்போதும் கைகலப்பின்போதும் ஆபத்து 34 முதல் 69 மடங்கு. துரத்திச் செல்லும்போது 32 முதல் 51 மடங்கு. உடற்பயிற்சியின்போது 20 முதல் 23 மடங்கு. நல்ல நிலையில் உள்ள இதயம் பெரும்பாலும் இந்தத் திடீர் வேகத்தைத் தாங்கிவிடும். ஏற்கெனவே அடைப்பு இருந்து, அது தெரியாமலே ஓடுபவருக்குத்தான் பெரும் அபாயம். வருடம் முழுக்க உடற்பயிற்சி இல்லாமல் இருந்துவிட்டு, உடற்தகுதித் தேர்வு நாளில் மட்டும் மூச்சிரைக்க ஓடுவதும் அப்படியே.

நீளும் டூட்டி

துர்கா பூஜை வந்தால் கொல்கத்தாக் காவலர்களுக்கு விடுப்பு கிடையாது. டாலிகஞ்சை ஒட்டிய முதியாலி, நாக்தலா பந்தல்களில் விடிய விடியக் கூட்டம் நகரும். ஊர் கொண்டாடும் நாள்களில் அவர்கள் பந்தோபஸ்தில் நிற்பார்கள். தமிழ்நாட்டில் சித்திரைத் திருவிழா, தேர்தல், தலைவர்கள் வருகை என்று இதே கதை.

பண்டிகை இல்லாத நாள்களிலும் நிலைமை வேறல்ல. இந்தியக் காவலர்கள் சராசரியாக நாளுக்கு 14 மணி நேரம் வேலை செய்கிறார்கள், ஏறத்தாழ இருவரில் ஒருவருக்கு வார விடுமுறை இல்லை என்று 'காமன் காஸ்', 'லோக்நீதி' அமைப்புகளின் 2019 அறிக்கை தெரிவித்தது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் அறிவித்தன. நாளுக்கு 14 மணி நேரம் என்றால் நான்கே நாளில் அந்த 55 மணி நேரம் கடந்துவிடுகிறது.

தூக்கம், தீனி, புகை

இரவு ரோந்து முடிந்து பகலில் படுப்பவருக்கு ஆழ்ந்த தூக்கம் வருவதில்லை. தூக்கம் குறைந்தால் ரத்த அழுத்தம் இறங்க வேண்டிய நேரத்திலும் இறங்காது. இனிப்புக்கும் எண்ணெய்ப் பலகாரத்துக்கும் ஆசை கூடும். கொல்கத்தாவில் கச்சோரியும் தேலேபாஜாவும், நம்மூரில் பரோட்டாவும் பஜ்ஜியும் பசிக்கு உடனே கிடைக்கின்றன. அசதியை விரட்டச் சர்க்கரை போட்ட டீயும் சிகரெட்டும் கூட வருகின்றன.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. புகையை விடுவதிலிருந்து தொடங்கலாம்; இதயத்துக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. பந்தோபஸ்துக்குப் போகும் பையில் சுண்டல், வேர்க்கடலை, வாழைப்பழம், தண்ணீர் இருக்கட்டும். இரவுப் பணிக்குப் பின் இருட்டான அறையில், போனை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். அந்த நேரத்தில் எழுப்பாமல் இருப்பது குடும்பத்தார் செய்யக்கூடிய பெரிய வைத்தியம்.

எதைப் பரிசோதிப்பது?

முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொரு காவலரும் ஆண்டுக்கு ஒரு முறை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிட வேண்டும். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலோ, வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-ஐத் தொட்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டாமல் இருப்பது நல்லது. ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்பதற்காக அடைப்பே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

'வாயு' என்று விட்டுவிடாதீர்கள்

நெஞ்சில் அழுத்தம் அல்லது இறுக்கம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண் காவலர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பும் குமட்டலுமாகக்கூட வரலாம். சோடா குடித்துவிட்டு டூட்டியைத் தொடர்வதுதான் பலரின் உயிரைப் பறிக்கிறது.

உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போகாதீர்கள். டாலிகஞ்சில் பாங்கூர் அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகளை முதல் வேளையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

சக காவலர் நினைவிழந்து, மூச்சு நின்று விழுந்தால் நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். இந்தப் பயிற்சி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எல்லோருக்கும் தரப்பட வேண்டும்.

துறையின் கையில் உள்ள மருந்து

நடைப்பயிற்சி செய், யோகா செய் என்று காவலருக்கு மட்டும் அறிவுரை சொல்வது நியாயமில்லை. 14 மணி நேரம் நின்றவருக்கு நடக்க ஏது நேரம்? பணிப்பட்டியல் மாறினால்தான் மற்ற அறிவுரைகளுக்குப் பலன் உண்டு.

அது நடக்கக்கூடியதே. மும்பையில் ரவீந்திர பாட்டீல் என்ற காவலர் எட்டு மணி நேர ஷிப்டுக்கு ஒரு திட்டம் வகுத்துக் கொடுத்தார். ஆணையர் தத்தா பட்சல்கிகர் அதை ஏற்று, 2016-ல் தேவ்னார் காவல் நிலையத்தில் சோதனையாகத் தொடங்கினார்; பிறகு மற்ற நிலையங்களுக்கும் அது விரிந்தது. தமிழ்நாட்டில் 2021-ல் காவலர்களுக்கு வார விடுமுறை அறிவிக்கப்பட்டது. அறிவித்த விடுமுறை ஒவ்வொரு வாரமும் தவறாமல் கிடைக்கிறதா என்று உயரதிகாரிகள் கண்காணிக்க வேண்டும். காலியிடங்களை நிரப்பாமல் இது கைகூடாது.

பெரிய பந்தோபஸ்து முடிந்ததும் ஈடுசெய்யும் விடுப்பு கொடுங்கள். மனம் விட்டுப் பேச ஆலோசகர் இருக்கட்டும்; அவரிடம் போனவரைப் பலவீனர் என்று யாரும் முத்திரை குத்தக் கூடாது. நெஞ்சு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், டூட்டியைத் தட்டிக் கழிக்கிறார் என்று எண்ணாமல் அந்த நொடியே வண்டி ஏற்பாடு செய்பவரே நல்ல அதிகாரி. உடல்நலப் பரிசோதனையும் உரிய ஓய்வும் காவலருக்குச் சலுகைகள் அல்ல. துப்பாக்கியையும் வாகனத்தையும் பராமரிக்கும் துறைக்கு, அவற்றைக் கையாளும் மனிதரைப் பராமரிக்கும் கடமை இன்னும் அதிகம்.