ஒன்றரை ஷிப்டும் ஓ.பி. சீட்டும்

திருப்பூரில் மாலை ஐந்தரை மணிக்கு ஏதாவது ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பாருங்கள். ஒடியா, வங்காளம், போஜ்புரி, அசாமியம் என்று நாலைந்து மொழிகள் காதில் விழும். நாம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'இந்தி' என்று ஒரே பெயரை வைத்துவிட்டோம். அப்படி ஒரு மாலையில் பெஞ்சில் பக்கத்தில் இருந்த நண்பர் கேட்டார்: "ஜி.எச்.சுல எல்லாம் இலவசந்தானுங்களே. எந்த ஊருன்னு யாரும் வெரட்டறதில்லை. அப்பறம் இவிங்களுக்கு வைத்தியத்துல என்னுங்க குறை?"

நல்ல கேள்வி. அவர் சொன்ன தகவலிலும் பிழை இல்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் காய்ச்சலோடு போய் நிற்கிறவரை வேற்று மாநிலத்தார் என்பதற்காகத் திருப்பி அனுப்புவதில்லை. 'இலவசம்' என்ற சொல்லில்தான் நாம் எல்லோரும் கால் இடறுகிறோம். இன்னொரு டீ சொல்லிவிட்டு இதை மெதுவாகப் பார்ப்போம்.

ஒடிசாவிலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனை மனதில் வைத்துக்கொள்வோம். பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கிறான். ஒன்றரை ஷிப்டு வேலை. காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருவான். ஒன்றரை ஷிப்டுக்கு 750 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைப்போம். அவனுக்குக் காய்ச்சல். ஜி.எச்.சில் ஓ.பி. காலையில். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ரத்தம் கொடுத்து, மாத்திரை வாங்கி வருவதற்குள் மதியம் ஆகிவிடும். அன்றைய வேலை போயிற்று. இரவு வேலை முடிந்து தனியார் டாக்டரிடம் போனால் 300 ரூபாய் என்று வையுங்கள். மெடிக்கல் கடையில் 'காய்ச்சல்' என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினால் ஒரு வேளைக்கு மூன்று மாத்திரை வீதம் பொட்டலம் கட்டி அறுபது ரூபாய்க்குத் தருவார்கள். மூன்று வழிகளில் விலை கூடியது இலவச வழிதான்.

நகரங்களில் சாயங்காலமும் இயங்கும் அரசு நலவாழ்வு மையங்கள் வந்திருக்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் அவை பெரும்பாலும் எட்டு மணிக்கு மூடுகின்றன, இவன் வெளியே வருவது எட்டரைக்கு. அந்த அரை மணி நேரத்தை யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை. இப்படி ஒருவன் இருக்கிறான் என்பது நேரம் குறித்தவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சரி, சம்பளத்தை விட்டுவிட்டு ஜி.எச்.சுக்கே போய்விட்டான். இப்போது டாக்டர் முன்னால் உட்கார வேண்டும். வலிக்கு நம்மிடம் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? குத்துகிறது, கடுக்கிறது, எரிகிறது, இழுக்கிறது, சுருக்கென்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. நெஞ்சு 'எரிகிறது' என்றால் டாக்டரின் யோசனை வயிற்றுப் பக்கம் போகும். 'அழுத்துகிறது' என்றால் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்வார். நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலையை இந்தச் சொற்கள்தான் செய்கின்றன. நம் பையன் நெஞ்சைத் தொட்டு 'வலி' என்கிறான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் வெகுதூரம் போக முடியாது. இந்தி தெரிந்த நர்ஸ் இருந்தால் போதாதா என்றால், இவனுக்கே இந்தி அரைகுறை. இவன் வீட்டுப் பேச்சு ஒடியா.

அதனால் கூட ஒருவர் வருகிறார். பெரும்பாலும் அவர் ஆள் கூட்டிவந்த ஏஜென்ட், அல்லது சூப்பர்வைசர். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மெஷினில் விரல் மாட்டியது என்றால் அதை டாக்டரிடம் சொல்லப்போவது யார்? வேலை செய்யும் இடத்தில் அடிபட்டது என்று சீட்டில் எழுதினால் கம்பெனிக்குத் தொல்லை வருமென்று தெரிந்த அதே ஆள்தான். 'ரூமில் வழுக்கி விழுந்தான்' என்று அவர் சொல்லிவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தன் கதை மாறிப்போனதே தெரியாது. இன்னொன்று: வெள்ளைப்படுதலைப் பற்றியோ தள்ளிப்போன நாள் பற்றியோ ஒரு பெண் தன் சூப்பர்வைசர் வாய் வழியாக டாக்டரிடம் பேச முடியுமா? பேசுவதில்லை. தாங்கிக்கொள்கிறார்கள்.

நண்பர் விடவில்லை. "அதுக்குத்தானே இ.எஸ்.ஐ. பிடிக்கறாங்க?" ஆமாம். இ.எஸ்.ஐ. ஒருவகையில் சீட்டுக் கட்டுவது போல. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 75 காசு, முதலாளி பங்கு மூன்றே கால் ரூபாய். இப்படிச் சேரும் பணத்திலிருந்து நோயாளிக்கு வைத்தியம் நடக்கும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை கிடைக்கும், வருடத்துக்கு 91 நாள் வரை. வைத்தியத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வேலையில் பதிந்ததுமே உரிமை உண்டு. வேலையிடத்தில் பட்ட காயத்துக்கும் அப்படியே. இதைவிட நல்ல ஏற்பாடு நம் நாட்டுத் தொழிலாளிக்குக் குறைவு என்றே நான் சொல்வேன்.

ஆனால் அந்த 70 சதவீதப் பணத்துக்கு ஒரு காலண்டர் இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கட்டும் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை அடுத்தது. ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா விழுந்திருக்க வேண்டும். அதற்கான பலனும் உடனே வராது. ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியதற்கு அடுத்த ஜனவரியில்தான் பலன் காலம் தொடங்கும். முதன்முறை சேருகிறவருக்கு ஒன்பது மாதம் கழித்து. இப்போது நம் பையனைப் பாருங்கள். தீபாவளி ஆர்டருக்கு வந்தான், அறுவடைக்கோ தங்கை கல்யாணத்துக்கோ ஊருக்குப் போனான், திரும்பி வந்து வேறு காண்ட்ராக்டரிடம் சேர்ந்தான். இ.எஸ்.ஐ.யில் பதிகிறவருக்குக் கொடுக்கும் ஐ.பி. எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். ஆனாலும் பழைய எண்ணைக் கேட்காமல் புதிதாக ஒன்று போட்டுவிடுவதும் நடக்கிறது. அப்போது அவன் வேலை செய்த நாட்கள் இரண்டு எண்களில் சிதறிப்போகின்றன. சீட்டுக் கட்டிக்கொண்டே இருக்கிறான், ஏலம் எடுக்கிற நாளில் அவன் பெயர் நோட்டில் இல்லை. சிறு யூனிட்களில் காண்ட்ராக்டர் பெயரையே பதியாமல் விட்டால், இந்த நோட்டே கிடையாது.

காலண்டர் என்றேன் அல்லவா, அதுதான் மற்ற இடங்களிலும் குறுக்கே வருகிறது. காசநோயை எடுத்துக்கொள்வோம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. முழுக்க இலவசம். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பு தேறிவிடும். ஆனால் கிருமி இன்னும் உள்ளே இருக்கும். மேலே தீ அணைந்தாலும் சாம்பலுக்குள் கங்கு கிடப்பது போல. ஊருக்குப் போக ஆசை வருவதும் சரியாக அந்த இரண்டாம் மாதத்தில்தான். 'நிக்ஷய்' என்ற தேசியப் பதிவேட்டில் நோயாளியை இங்கிருந்து அவர் ஊர் மையத்துக்கு மாற்றிவிட வழி இருக்கிறது, கிளம்புகிற செய்தியை அவர் மையத்தில் சொன்னால். சொல்லாமல் கிளம்பிப் போய் மருந்தை நடுவில் நிறுத்தினால், மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாயும் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். கணக்கு ஊரில் இருக்கிறது, அதில் இணைத்த சிம் கார்டு போன வருடமே மாறிவிட்டது, ஓ.டி.பி. எவருக்கோ போகிறது.

காப்பீடும் இதே கதை. 2018-ல் வந்த பிரதமர் காப்பீட்டு அட்டை அந்தத் திட்டத்தில் சேர்ந்த எந்த மாநிலத்திலும் செல்லும், குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை. ஆனால் ஒடிசா 2025-ல்தான் அதில் சேர்ந்தது. அதுவரை ஒடிசாக்காரர் கையில் இருந்தது அந்த மாநிலத்துத் திட்டம். படுக்கையில் சேர்ந்தால்தான் அட்டைக்கு வேலை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் அது பையில் சும்மா கிடக்கும்.

இவ்வளவு கேட்டபின் நண்பர் தன் மனதில் இருந்த இன்னொன்றையும் சொன்னார்: "நோய்களே அவிங்க கொண்டு வர்றதுதானுங்களே?" பல நாடுகளில் ஆராய்ச்சியாளர்கள் பார்த்தது இதற்கு ஏறக்குறைய நேர்மாறு. ஆயிரம் மைல் ரயிலில் நின்றுகொண்டு வந்து பன்னிரண்டு மணி நேரம் உழைக்க எந்த வீடும் சீக்காளியை அனுப்புவதில்லை. இருப்பதில் திடமானவனைத்தான் அனுப்பும். அதனால் வந்து சேரும்போது அவர்கள் பலவேளை நம்மைவிட ஆரோக்கியமாக இருப்பார்கள். பஞ்சுத் தூசியிலும் பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேராகப் படுப்பதிலும் அந்த ஆரோக்கியம் கரைகிறது. கடைசியில் உடம்பு முடியாமல் போனால் ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். முட்டையிடுவதற்குத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் சால்மன் மீனின் பெயரை ஆராய்ச்சியாளர்கள் இதற்கு வைத்திருக்கிறார்கள். ஆக நம் மருத்துவமனைக் கணக்கில் அவர்கள் வந்ததும் பதிவாகாது, சீக்கானதும் பதிவாகாது. கணக்கைப் பார்க்கிறவருக்கு ஒரு குறையும் தெரியாது.

கேரளத்தில் பிளைவுட் ஆலைகள் நிறைந்த எர்ணாகுளம் மாவட்டத்தில் 'பந்து கிளினிக்' என்று ஒரு வண்டி தொழிலாளர்கள் இருக்கும் இடத்துக்கே போகிறது. தமிழ்நாட்டிலும் 2024-ல் வேலையிடத்துக்கே போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் திட்டம் தொடங்கியது. பார்த்துச் சொன்ன பிறகு மாதாமாதம் மாத்திரை வாங்கப் போவதற்கு லீவு கிடைக்குமா என்பது இன்னும் பாக்கி.

டீக்குக் காசு கொடுக்கும்போது நண்பர் கேட்டார், "எங்க யூனிட்லயும் இருபது பசங்க இருக்காங்க. நாளைக்கே நான் என்னுங்க பண்ண முடியும்?" புதிதாக ஆள் சேர்க்கும்போது பழைய ஐ.பி. எண் இருக்கிறதா என்று கேளுங்கள் என்றேன். இந்தியில் எப்படிக் கேட்பது என்றார். எனக்குத் தெரிந்த இந்தியில், 'புரானா நம்பர்?' என்று சொல்லிக் கொடுத்தேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பையன் திரும்பிப் பார்த்து, தன்னைக் கேட்கிறோம் என்று நினைத்து, பர்ஸைத் திறந்து மடித்து வைத்திருந்த இரண்டு இ.எஸ்.ஐ. சீட்டுகளை எடுத்து நீட்டினான். இரண்டிலும் அவன் பெயர், எண் வேறு வேறு.