உங்களுக்குத் தெரியுமா? - ராணுவ வீரரும் பிள்ளைப்பேறும்

★ குண்டு துளைக்காத அங்கி நெஞ்சையும் முதுகையும் காக்கும். ஆனால் ஆப்கானிஸ்தான், இராக் போர்களில் ஆபத்து காலடியில் புதைந்திருந்தது. நடந்து ரோந்து போகும் வீரர் கண்ணிவெடியை மிதித்தால் மண்ணும் கல்லும் கீழிருந்து பாய்ந்து இடுப்புக்குக் கீழே கிழித்துவிடும். 2001 முதல் 2013 வரை அந்தப் போர்களில் சிறுநீர், இனப்பெருக்க உறுப்புகளில் காயம்பட்ட அமெரிக்க ஆண் வீரர்கள் 1,367 பேர். மிகப் பெரும்பாலோர் 35 வயதுக்கு உட்பட்டவர்கள்.

★ இதற்காகவே பிரிட்டன் 2010 வாக்கில் தன் வீரர்களுக்குப் பட்டு உள்ளாடை கொடுத்தது. பட்டு வெடியைத் தடுக்காது. ஆனால் மண்ணும் பொடிக்கல்லும் சதைக்குள் ஏறுவதைக் குறைக்கும். காயத்தில் அழுக்கு குறைந்தால் சீழ் பிடிப்பதும் குறையும்.

★ 2018 மார்ச் 26. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடியில் சிக்கிய ஒரு வீரருக்கு, இறந்த ஒருவரின் ஆணுறுப்பு, விரைப்பை, அடிவயிற்றுச் சுவரின் ஒரு பகுதி எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்தினார்கள். அறுவை சிகிச்சை 14 மணி நேரம் நடந்தது. 11 அறுவை மருத்துவர்கள் ஈடுபட்டார்கள். விரைகளை மட்டும் வேண்டுமென்றே பொருத்தவில்லை. அவற்றில் உருவாகும் விந்தணு, தானம் தந்தவரின் மரபணுவையே சுமக்கும். அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு, இறந்துபோன ஒருவர் தம் சம்மதம் இல்லாமலே தந்தை ஆகிவிடுவார். மருத்துவர்கள் எடுத்த முடிவு சரியானதுதான். ஆனால் அந்த வீரர் தம் சொந்த வித்தில் பிள்ளை பெறும் வழி அந்த அறுவை சிகிச்சையில் திறக்கவில்லை.

★ போருக்குப் போகுமுன் விந்தணுவைச் சேமித்து வைத்திருந்தால்? மைனஸ் 196 டிகிரி குளிரில், திரவ நைட்ரஜனில் அது பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். உறைய வைத்த விந்தணுவால் கருத்தரித்த செய்தி அமெரிக்காவிலிருந்து 1953-லேயே வந்துவிட்டது. அதே அமெரிக்காவில், முன்னாள் படைவீரர் நலத்துறை சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சை தரக் கூடாதென்று 1992-ல் சட்டம் போட்டார்கள். பணியில் காயம்பட்டுப் பிள்ளை பெற இயலாமல் போனவர்களுக்கு 2016-ல்தான் வழிவிட்டார்கள். நாட்டுக்காகக் காயம்பட்டவரை இத்தனை காலம் காக்க வைத்தது அநியாயம்.

★ உக்ரைன் நாடு, போர் நடக்கும்போதே இப்படிச் சேமிப்பதற்குச் சட்டம் கொண்டுவந்தது. வீரர் சேமித்து வைத்த உயிரணுக்களை, அவர் இறந்தபின்னும் மூன்று ஆண்டுகள் அரசுச் செலவில் பாதுகாக்கிறார்கள்.

★ வெடி மட்டுமல்ல, பொன்னுக்கு வீங்கியும் படை முகாம்களைப் படுத்தியிருக்கிறது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் மட்டும் 2,30,000 பேருக்கு மேல் வந்தது. பருவம் எய்திய ஆண்களுக்கு வந்தால் சிலருக்கு விரை வீங்கும். இரண்டு பக்கமும் வீங்கினால் விந்தணு குறைய வாய்ப்புண்டு. இன்று தடுப்பூசி இருக்கிறது.

★ விரைகள் உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான சூட்டில்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அதனால் இன்று எடுக்கும் பரிசோதனையில் இரண்டு மாதத்துக்கு முந்திய காய்ச்சலின் பாதிப்பும் தெரியக்கூடும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாரையும் மலடு என்று முடிவுகட்டாதீர்கள்.

★ நம் ஊர் ராணுவ ஆள்சேர்ப்பு முகாம்களில் 'வேரிகோசில்' என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பையன்களைப் பலர் அறிந்திருப்பீர்கள். விரைப்பையில் ரத்தக்குழாய் (சிரை) புடைத்துச் சுருண்டிருக்கும் நிலை அது, பெரும்பாலும் இடப்பக்கம். நூறு ஆண்களில் சுமார் 15 பேருக்கு இருக்கிறது. எல்லாருக்கும் தொல்லை தருவதில்லை, ஆனாலும் ஆண்களின் குழந்தையின்மைக்கு இது முக்கியமான காரணம். அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். வேலைக்குத் தடை என்று மட்டும் நினைத்து மறந்துவிட வேண்டாம்.

★ டெல்லியில் உள்ள ராணுவ ஆராய்ச்சி மற்றும் பரிந்துரை மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் இருக்கிறது. வீட்டில் படைவீரர் இருந்து குழந்தை தாமதமானால், ஊரில் இருக்கும் மனைவியை மட்டும் டாக்டரிடம் கூட்டிப்போவதை நிறுத்துங்கள். கணவர் லீவில் வரும்போது முதல் வாரத்திலேயே விந்துப் பரிசோதனை செய்துவிடுங்கள்.